நெய்விளக்கில் ஒரு நிமிடம்

இன்னும் பத்துப் பன்னிரண்டு கிலோமீட்டர்தான்.

அவள் ஜன்னல் கம்பியில் நெற்றியை வைத்திருந்தாள். காற்றில் உப்பு வாடை வர ஆரம்பித்திருந்தது.

திருத்துறைப்பூண்டியிலிருந்து அகஸ்தியம்பள்ளிக்குப் போகும் கிளைப் பாதை. பல வருஷம் மூடிக் கிடந்து, அகலப்பாதையாகித் திறந்தது. தஞ்சாவூரைச் சுற்றி இருக்கும் பாதைகளில் அவள் போகாமல் மிச்சம் இருந்தது இது ஒன்றுதான்.

எதிர் சீட்டில் திருமாறன். வலங்கைமானில் மாட்டு டாக்டர். பத்து நாளைக்கு முன்னால் அவளைப் பெண் பார்க்க வந்தவர்.

"பேசணும்னா சனி ஞாயிறு என்கூட ரயில்ல வாங்க" என்று அன்றைக்கு அவள்தான் சொன்னாள். வேலை எதுவும் கிடையாது. கோயில் குளம் கிடையாது. கடைசி ஸ்டேஷன் வரை போய், அதே வண்டியில் திரும்ப வேண்டும். அகஸ்தியம்பள்ளிப் பாதை திறக்கப் பல வருஷம் காத்திருந்ததையும் சொன்னாள். அவ்வளவுதான்.

இதற்கு முன் வந்த மூன்று பேர் இதைக் கேட்டுக் காபியைப் பாதியிலேயே வைத்துவிட்டார்கள்.

இவர் வந்தார்.

நேற்று மன்னார்குடிக்குப் போய்த் திரும்பினார்கள். எதற்கு என்று அவர் கேட்கவில்லை. தூங்கவும் இல்லை. ஒரு பாக்கெட் கடலை வாங்கிப் பாதியை அவளுக்குக் கொடுத்தார்.

பேசத்தான் இல்லை.

பிடித்திருக்கிறதா, பொறுத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறாரா. முகத்தைப் பார்த்து ஒன்றும் கண்டுபிடிக்க முடியவில்லை.

நெய்விளக்கில் வண்டி நின்றது. ஒரு நிமிடம்தான் நிற்கும்.

நடைமேடையை ஒட்டி ஒரு வேப்பமரம். அடியில் ஒரு சினை வெள்ளாடு படுத்துக் கத்திக்கொண்டிருந்தது. பக்கத்தில் ஆட்டுக்காரம்மா கையைப் பிசைந்துகொண்டு நின்றாள்.

அவர் எட்டிப் பார்த்தார்.

"குட்டி மாட்டிக்கிச்சு."

யாரிடம் சொன்னார் என்று தெரியவில்லை. அடுத்த நொடி நடைமேடையில் ஓடிக்கொண்டிருந்தார். முழுக்கைச் சட்டையை ஓடிக்கொண்டே மடித்துவிட்டார்.

அவள் பையை எடுத்துக்கொண்டு வாசலுக்கு வந்தாள்.

ஒரு கால் படியில். ஒரு கால் உள்ளே.

ஹாரன் அடித்தது.

இறங்கிவிடலாம். இறங்குவதுதான் முறை. அம்மாவாக இருந்தால் தள்ளியே விட்டிருப்பாள்.

பாதை கடலைப் பார்த்து நீண்டு கிடந்தது.

வண்டி நகர்ந்தது.

"என்னங்க!"

கத்திய பிறகுதான் என்ன சொல்லிக் கூப்பிட்டோம் என்று உறைத்தது. நாக்கைக் கடித்துக்கொண்டாள். அவர் திரும்பினார். தண்ணீர் பாட்டிலை வீசினாள், பிடித்துக்கொண்டார். சோப்பு டப்பாவை வீசினாள், அது அவர் முட்டியில் பட்டு விழுந்தது. நொண்டிக்கொண்டே குனிந்து எடுத்தார்.

வாசலில் நின்ற மீன்கூடைக்காரி வாய்விட்டுச் சிரித்தாள்.

அவள் சீட்டுக்கு வந்தாள். நாலாவது இடமும் போச்சு என்று நினைத்தாள். போகட்டும் என்றும் நினைத்தாள். இரண்டும் ஒன்றாகத்தான் வந்தன.

வேதாரண்யம் தாண்டியது. இரண்டு பக்கமும் உப்பளம் விரிந்தது. பாத்தி பாத்தியாகத் தண்ணீர். அதில் வானம். வெள்ளை வெள்ளையாக உப்புக் குவியல்கள், கீற்று போட்டு மூடியவை, மூடாதவை. வெயிலில் கண் கூசியது. அவள் கண்ணை மூடவில்லை.

அகஸ்தியம்பள்ளி.

இறங்கி, தண்டவாளம் முடியும் இடம் வரை நடந்தாள். அதற்கு அப்பால் மண்ணும் முள்ளும்தான். அங்கே கொஞ்ச நேரம் நின்றாள். தன்னை அறியாமல் சிரித்துக்கொண்டிருந்தாள்.

கார்டு எதிர்முனைக்குப் போக நடந்து வந்தார்.

"ஏம்மா, நெய்விளக்குல இறங்கி ஓடினாரே. உங்க வீட்டுக்காரரா?"

"இன்னும் தெரியல சார்."

அவர் அவளை ஒரு தினுசாகப் பார்த்துவிட்டுப் போனார்.

திரும்பும்போது அவள் ஜன்னலில் உட்காரவில்லை. வாசலிலேயே நின்றாள். என்ன சொல்வது? மன்னிப்புக் கேட்பதா? கேட்டால் பொய். அந்தப் பத்துப் பன்னிரண்டு கிலோமீட்டரை அவள் யாருக்காகவும் விட்டிருக்க மாட்டாள். அதை இப்போதே சொல்லிவிடுவதுதான் நல்லது.

நெய்விளக்கு வந்தது.

திருமாறன் குழாயடியில் கை கழுவிக்கொண்டிருந்தார். சட்டை முழுக்கக் கறை. அவளைப் பார்த்ததும் ஈரக் கையோடு ஓடி வந்தார்.

"கடைசி வரைக்கும் போனீங்கல்ல?"

"போனேன்."

"அப்பாடா." அவர் மூச்சு விட்டார். "நான் குதிச்சத பாத்து நீங்களும் இறங்கிடுவீங்களோன்னு பயந்துட்டேன். எத்தன வருஷம் காத்திருந்தீங்க. ஒரு ஆட்டால கெட்டுப்போச்சேன்னு ஆயிருக்கும்."

அவள் பையிலிருந்து கைக்குட்டையை எடுத்து நீட்டினாள். அவர் ஈரக் கையைத் துடைத்துக்கொண்டார்.

"எப்படி இருந்துச்சு?"

"வெள்ளையா இருந்துச்சு," என்றாள்.

"ஏறுங்க, வண்டி எடுக்கப் போறான்," என்று சொல்லிவிட்டு அவரும் கைப்பிடியைப் பிடித்தார். பிடித்தவர் அப்படியே நின்றார். "சாயந்திரம் திரும்ப ஒரு வண்டி அங்க போகுதாமே? நான் இன்னும் பாக்கல."

ஹாரன் அடித்தது.

அவள் இறங்கினாள்.

வேப்பமரத்தடியில் ஆட்டுக்காரம்மா சாக்கு விரித்துக் கொடுத்தாள். இருவரும் உட்கார்ந்தார்கள். வண்டிச் சத்தம் தேய்ந்து மறைந்தபோது போன் அடித்தது. அம்மா.

"என்னடி வாசுகி, ரெண்டு நாளா சுத்துறீங்க. முடிவா என்னதான் ஆச்சு?"

அவள் மடியில் ஏறப் பார்த்த குட்டியை மெல்லப் பிடித்து நிறுத்தினாள். அது கால் நடுங்க நின்றது.

"ரெண்டு குட்டிம்மா," என்றாள். "ரெண்டும் நல்லா இருக்கு."