ஆறு மணிக்கு வருகிற பைக்

கட்டுகஸ்தோட்டையில் தவமணியின் வீட்டுக் கொட்டகை. பழைய டேர்ட் பைக்கின் தண்ணீர்ப் பம்பைக் கழற்றிய மெக்கானிக் ராஜலிங்கத்துக்கு ஒன்றும் விளங்கவில்லை.

“என்னங்கம்மா இது? பம்பு தேஞ்சு தண்ணி ஒழுகுது. டயர்ல மண்ணே ஒட்டல. ஐயா இதை எங்கதான் ஓட்டுறாரு?”

“ஒவ்வொரு நாளும் வேலைக்குக் கொண்டுபோறவர் தம்பி. இண்டைக்கு மட்டும் பஸ். ஆறு மணிக்கு முந்திப் பூட்டித் தாங்கோ.”

வேறு பம்பைப் பூட்டி முடித்தான். “நிக்க வச்சே இஞ்சினை ஓடவிட்டா சூடேறி இப்படித்தான் கெட்டுப்போகும். ஐயா வரட்டும், நானே சொல்லிட்டுப் போறேன்.”

“வேண்டாம், நான் சொல்லுறன். நீங்க வெளிக்கிடுங்கோ.”

குழப்பத்தோடு தெருவுக்கு வந்தவன் திரும்பிப் பார்த்தான். தவமணி சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு பைக்கை உதைத்தாள். அது நின்ற இடத்திலேயே உறுமியது.

“ஐயா இன்றைக்கும் நேரத்துக்கே வந்துவிட்டார்!” தெருவே கேட்கும்படி சிங்களத்தில் கூவினாள் பக்கத்து வீட்டுச் சோமாவதி.

ராஜலிங்கம் அவளிடம் போனான். “யாருமே வரலையே நோனா?”

சோமாவதி குரலைத் தாழ்த்தினாள். “தெரியும். வெசாக் பண்டிகைக்கு முந்தி ஒரு விடியற்காலையில் அவள் கணவரை ராணுவ ஜீப்பில் ஏற்றிக்கொண்டு போனதை ஜன்னலால் பார்த்தேன். இரண்டு பெண்பிள்ளைகளோடு தனியாக இருக்கிறாள். ஆண் இல்லாத வீடென்று தெருவுக்குத் தெரியக்கூடாது.”

அவன் தலையாட்டினான்.

“எனக்குத் தெரியுமென்று அவளிடம் சொல்லிவிடாதே. பிறகு என்னைப் பார்த்தும் பயப்படுவாள்.”