துணி துவைக்கும் விமானம்

"உள்ளே வந்து கதவைச் சாத்துடா. விமானம் கிளம்பப் போகுது" என்றாள் அக்கா.

டிக்கெட் எடுத்துத் தரச் சொல்லி அவள்தான் தம்பியை வரச் சொல்லியிருந்தாள். வந்து பார்த்தால், வாஷிங் மெஷின் இருக்கிற ஒடுக்கமான அறையில், அக்காவும் மாமாவும் பிளாஸ்டிக் நாற்காலிகளை நெருக்கிப் போட்டு உட்கார்ந்திருந்தார்கள். மாமா சுவரோரம். முழங்காலை இடித்துக்கொண்டு எதிரே பெட்டிகள். இருவர் இடுப்பிலும் மாமாவின் பழைய டைகள் முடிச்சுப் போடப்பட்டிருந்தன. சீட் பெல்ட்டாம்.

"என்னக்கா இது கூத்து?"

"ஒத்திகைடா. முதல் தடவையா வெளிநாடு போறோம். எனக்குப் பயமா இருக்கு. பழகிக்கறேன்."

மாமா இன்ஷூரன்ஸ் ஏஜென்ட். 'நாளைக்கே உங்களுக்கு ஏதாவது ஆயிட்டா?' என்று ஊரையே பயமுறுத்திச் சம்பாதிப்பவர். தம்பியைப் பார்த்துக் கண்ணடித்தார்.

"உங்க அக்காவோட தைரியத்தைப் பார்த்தியா மாப்ளே? முதல்ல கதவை ஆன்னு திறந்து வெச்சுக்கிட்டு உட்கார்ந்தோம். அப்புறம் பாதிக் கதவு. போன வாரம் ஒருக்களிச்சு. இன்னிக்குத்தான் மகாராணி முழுசாச் சாத்த உத்தரவு போட்டிருக்காங்க. எனக்கென்ன? பாவம், துணைக்கு உட்காருறேன்."

"அந்த ஊர் பாஷை எல்லாம் கத்துக்கிட்டீங்களா மாமா?"

"'கழிப்பறை எங்கே இருக்கு'ன்னு சுத்தமாக் கேட்பேன். அவங்க சொல்ற பதில்தான் புரியாது."

தம்பிக்கு எரிச்சலாக வந்தது. அக்கா வேலை பார்க்கும் பல் ஆஸ்பத்திரியில் இந்த மாதக் கடைசியை விட்டால் லீவு கிடைக்காது. இன்னும் டிக்கெட்டே எடுக்கவில்லை. ஏற்கெனவே இந்தப் பயணம் கிளம்புகிற நேரத்தில் இரண்டு முறை நின்றுபோயிருக்கிறது. ஒரு முறை மாமாவுக்கு இடுப்புப் பிடித்துக்கொண்டது. இன்னொரு முறை மாமாவுக்கு அவசர வேலை.

"அக்கா, மாமாவே ரெடியா இருக்கார். உன் பயத்தால இந்தத் தடவையும் கெட்டுடப் போகுது."

"இந்தத் தடவையும் நின்னுட்டா, இனிமே நான் கேட்கவே மாட்டேன்டா" என்றாள் அக்கா. குரலில் விளையாட்டு இல்லை. "சரி, கதவைச் சாத்திட்டு மெஷினைப் போடு. நீதான் பணிப்பெண்."

பணிப்பெண் மீசையைத் தடவிக்கொண்டு கதவைச் சாத்தினான். மெஷின் முதலில் உறுமியது. பிறகு கிடுகிடுவென்று ஆடியது. நாற்காலிகளும் ஆடின.

"ஏங்க, பயமா இருக்குங்க. கையைப் பிடிச்சுக்கோங்க!"

"பயப்படாதே. நான் இருக்கேன்ல? பயப்படாதே. ஒண்ணும் ஆகாது. பயப்படாதே..."

தம்பி சிரிப்பை அடக்கிக்கொண்டு அக்காவைப் பார்த்தான்.

அக்கா கொட்டாவி விட்டுக்கொண்டிருந்தாள்.

மாமாவைப் பார்த்தான். கண்களை இறுக மூடியிருந்தார். நெற்றி வியர்வை தாடை வரை வழிந்திருந்தது. அவர் பிடியில் அக்காவின் விரல்கள் ரத்தம் செத்து வெளுத்திருந்தன.

மெஷின் நின்றது.

"இறங்கிட்டோமா?" என்றார் மாமா.

"இறங்கியாச்சுங்க."

"பார்த்தியா? இதுக்குப் போய் அந்தப் பயம் பயந்தியே!" என்று டையை அவிழ்த்துப் போட்டுவிட்டுக் குளிக்கப் போனார்.

தம்பி அக்காவின் பின்னாலேயே சமையலறைக்குப் போனான்.

"ராட்டினம் உச்சியில மாட்டிக்கிட்டப்போ, எழுந்து நின்னு கீழே இருக்கிறவங்களுக்குக் கை காட்டினவ நீ. உனக்கு எப்போக்கா வந்தது பயம்?"

"மெதுவாப் பேசு" என்றாள் அக்கா, விரல்களைப் பிசைந்துகொண்டே. "மாமா லிஃப்ட்ல ஏறி நீ பார்த்திருக்கியா?"

யோசித்தான். எத்தனை மாடியானாலும் படிதான். கேட்டால் உடம்புக்கு நல்லது என்பார்.

"குளிக்கும்போது ஏன் பாடறாருன்னு தெரியுமா?"

"சங்கீத ஆசை..."

"அந்தக் குரலுக்கா? உள்ளே அடைஞ்சு இருக்கப் பயம். அதனால தாழ்ப்பாள் போடமாட்டார்டா. உள்ளே ஆள் இருக்குன்னு வெளியில தெரியணுமில்ல, அதுக்குத்தான் பாட்டு."

தம்பி வாயைப் பிளந்தான். "அப்போ அவர்கிட்டயே நேராப் பேச வேண்டியதுதானே?"

"ஆஸ்பத்திரிக்கு வர்ற குழந்தைகிட்ட 'பயப்படாதே'ன்னு சொன்னா, நாற்காலியை விட்டுக் குதிச்சு ஓடிடும். அதனால நான் முதல்ல அதுல உட்கார்ந்துக்குவேன். 'ஆன்ட்டிக்குப் பயமா இருக்கு, கையைப் பிடிச்சுக்கறியா?'ன்னு கேட்பேன். அவ்வளவுதான், அது எனக்குத் தைரியம் சொல்ல ஆரம்பிச்சுடும்."

"அதுக்காக? ஊர் பூரா உன்னைப் பயந்தாங்கொள்ளின்னு சொல்லிட்டுத் திரியறாரேக்கா!"

"திரியட்டும். சொல்லச் சொல்ல அவருக்குத் தைரியம் கூடுதுல்ல?"

குளியலறையில் பாட்டு ஆரம்பித்தது. ஒரு வரி. அடுத்த வரியில் பாதி. சட்டென்று நின்றது.

கதவுப் பக்கமிருந்து 'டக்' என்று ஒரு சத்தம். பிறகு தண்ணீர் விழும் ஓசை மட்டும்.

அக்கா அப்படியே நின்றாள்.

"டிக்கெட் எடுடா" என்றாள் மெல்ல. "ரெண்டு பேருக்கும்."

"ஏய் பயந்தாங்கொள்ளி!" என்று உள்ளேயிருந்து மாமாவின் குரல் அதிகாரமாக வந்தது. "துண்டை மறந்துட்டேன், கொண்டா!"

அக்கா துண்டை எடுத்துக்கொண்டு போனாள். கல்யாணமான நாளிலிருந்து முதல் முறையாக, குளியலறைக் கதவைத் தட்டினாள்.