மாநாட்டுக்கு வந்த கேழ்வரகு

வறண்ட நாடொன்று இன்னொரு வறண்ட நாட்டுக்கு, குறைந்த மழையில் விளையும் கேழ்வரகை விதைக்கக் கொடுத்தது. அது மாநாட்டு மேசையில், கண்ணாடிக் குடுவையில் தங்கிவிட்டது. மூன்று வருடத்தில் ஐந்து மாநாடு. விருந்தினர்கள் உள்ளங்கையில் கொட்டிப் படமெடுத்துக்கொண்டு, திரும்பக் குடுவையில் போட்டார்கள்.

ஐந்தாம் மாநாட்டில் ஒரு கேழ்வரகு மணி மேசைவிரிப்பில் சிந்தியது. இந்த வருடமும் முளைக்காவிட்டால் இனி முளைக்கவே முடியாதென்று அதற்குத் தெரியும். நன்றியுரை ஓடிக்கொண்டிருந்தபோது ஓர் எறும்பு வந்தது.

"அண்ணே, என்னைத் தூக்கிட்டுப் போங்க."

"கிறுக்கா உனக்கு? நான் தின்கிறவன்."

"தெரியும். எங்கே கொண்டுபோய் வைப்பீங்க?"

"புற்றுலதான். மண்ணுக்குள்ள."

"அவ்வளவு தூரம் இதுவரை யாரும் கொண்டுபோகலை அண்ணே. தூக்குங்க."