சம்பந்தி கேட்காத ‘வாங்க’

“பாத்தும் பாக்காத மாதிரி போறாங்க. நான் என்ன ரோட்டுல போற ஆளா?”

அன்னவாசலில் தன் வீட்டு வாசலில் நின்றுகொண்டு வெள்ளைச்சாமி இதைச் சொல்ல ஆரம்பித்து ஒரு வாரமாகிறது. தெருவில் இதைக் கேட்காத ஆள் பாக்கி இல்லை. குடும்ப வாட்ஸ்அப் குழுவிலும் வாய்ஸ் மெசேஜாகப் போட்டுவிட்டார். துபாயில் இருக்கும் மச்சான் என்ன சொல்வதென்று தெரியாமல் ஒரு கும்பிடு பொம்மையை மட்டும் அனுப்பியிருந்தார்.

குற்றம் இதுதான். கோட்டைப்பட்டினத்தில், பட்டப்பகலில், மகளின் மாமியார் புவனேஸ்வரி அவரை நேருக்கு நேர் பார்த்தார். ‘வாங்க’ என்று ஒரு வார்த்தை கேட்கவில்லை. முகத்தைத் திருப்பிக்கொண்டு போய்விட்டார்.

எங்கள் பக்கம் வரப்புத் தகராறில் மண்டையை உடைத்துக்கொண்டவர்கள்கூட ராஜியாகிவிடுவார்கள். ‘வாங்க’ கேட்காதவர்களுக்கு மட்டும் மன்னிப்பே கிடையாது.

இத்தனைக்கும் வெள்ளைச்சாமி கோபப்படக் கூடாத காலம். கார்த்திகை பிறந்ததுமே சபரிமலைக்கு மாலை போட்டுவிட்டார். கறுப்பு வேட்டி, நெற்றி நிறையச் சந்தனம். மனைவி பிரகதாம்பாள் உட்பட எல்லோரும் அவரை ‘சாமி’ என்றுதான் கூப்பிட வேண்டும். அந்தம்மா விடியுமுன்னே தலைக்குக் குளித்து, தனிப் பாத்திரத்தில் சமைத்துப் போடுகிறார். வெங்காயம், பூண்டு வீட்டுப் பக்கமே வரக் கூடாது. கோபம் மட்டும் வரலாம் போலிருக்கிறது.

வெறும் கோபமாக இருந்திருந்தால் பிரகதாம்பாள் கண்டுகொண்டிருக்க மாட்டார். கல்யாணமான நாளிலிருந்து பார்ப்பதுதான். ஆனால் வருகிற வெள்ளிக்கிழமை அறந்தாங்கியில் மகள் இளமதிக்கு வளைகாப்பு. தலைப்பிரசவம். சீர்த்தட்டுகளோடு போய், வளையல் போட்டு, பிள்ளையைத் தாய்வீட்டுக்குக் கூட்டிவர வேண்டும். அப்பா வராத வளைகாப்பு என்றால் ஊர் சும்மா விடுமா?

“அந்தம்மா நேர்ல வந்து காரணம் சொல்லணும். இல்லாட்டி நான் வரமாட்டேன்.” சாமி முடிவாகச் சொல்லிவிட்டார்.

இளமதி போனில் அழுதாள். பிள்ளைத்தாய்ச்சி அழக் கூடாது என்று ஊரே பதறும். சாமி பதறவில்லை. மரியாதை என்று வந்துவிட்டால் மகளாவது, மலையாவது.

பிரகதாம்பாளுக்கு ஒன்றுதான் விளங்கவில்லை.

“அம்புட்டுத் தூரம் கோட்டைப்பட்டினத்துக்கு எதுக்குப் போனீங்க சாமி?”

“தென்னங்கன்னு பாக்க.”

அன்னவாசலில் கிடைக்காத தென்னங்கன்றா என்று கேட்டதற்கு, கடல்காற்றில் வளர்ந்த கன்றுதான் நன்றாகக் காய்க்கும் என்றார். கன்று ஒன்றும் வீட்டுக்கு வரவில்லை. அதற்கு மேல் கேட்டால் சாமி குத்தமாகிவிடும் என்று பிரகதாம்பாள் விட்டுவிட்டார்.

புதன்கிழமை காலையில் புவனேஸ்வரியே வந்துவிட்டார். வாடகைக் காரில், வெற்றிலை பாக்குத் தட்டோடு.

வெள்ளைச்சாமி பங்காளிகள் நாலு பேரை வரச்சொல்லி, நாற்காலி போட்டுச் சபையைத் தயாராக வைத்திருந்தார். வந்தவரை ‘வாங்க’ என்று கேட்காமல் உத்தரத்தைப் பார்த்தார். பழிக்குப் பழி. பிரகதாம்பாள்தான் ஓடிவந்து கையைப் பிடித்து உள்ளே கூட்டிப்போனார்.

“கோட்டைப்பட்டினத்துல என்னையப் பாத்தீங்களா, இல்லையா?”

“அங்க எந்த எடத்துலங்க சாமி?” பங்காளிகளில் ஒருவர் குறுக்கே கேட்டார்.

“எடம் எதுக்குய்யா இப்ப? பாத்தாங்களா இல்லையா, அதான் பேச்சு.”

புவனேஸ்வரி அவர் கழுத்து மாலையைப் பார்த்தார். காபித் தம்ளரோடு நின்ற பிரகதாம்பாளையும் பார்த்தார். பிறகு மெதுவாகச் சொன்னார்.

“அன்னைக்குக் கண்ணாடி போடாம போயிட்டேன் சாமி. கண்ணாடி இல்லாட்டி எதுத்தாப்ல நிக்கிறது ஆளா மரமான்னே எனக்குத் தெரியாது. ஏந்தப்புதான். மனசுல வச்சுக்காதீங்க.”

சாமி ஜெயித்துவிட்டார். ஜெயித்தவர் சும்மா இருப்பாரா? மனுசனுக்கு மரியாதைதான் முக்கியம் என்று ஆரம்பித்து, காபி ஆறும்வரை பேசினார். உள்ளே ஒன்று, வெளியே ஒன்று என்று வேஷம் போடுவது மட்டும் தன்னிடம் கிடையாது என்று முடித்தார். பங்காளிகள் தலையாட்டினார்கள். புவனேஸ்வரியும் ஆட்டினார்.

வெள்ளிக்கிழமை வருவதாகச் சாமி வாக்குக் கொடுத்தார். பிரகதாம்பாள் கண்ணைத் துடைத்துக்கொண்டு இளமதிக்குப் போன் போட உள்ளே போனார்.

பெரிய மனசு பண்ணி, சாமி கார் வரைக்கும் வழியனுப்பவும் வந்தார்.

“இனிமே வெளிய கிளம்புனா கண்ணாடிய மறந்துறாதீங்க.”

புவனேஸ்வரி அங்கிட்டும் இங்கிட்டும் பார்த்தார். பக்கத்தில் யாரும் இல்லை. குரலைத் தாழ்த்தினார்.

“கண்ணாடி போட்டுத்தான் இருந்தேன். ஒங்க மக மீன் வறுவல் கேட்டுச்சுன்னு பார்சல் வாங்க அந்த மெஸ்ஸுக்கு வந்தேன். மூலை டேபிள்ல கழுத்துல மாலையோட ஒருத்தரு, எலையில வஞ்சிரம். ‘வாங்க சம்பந்தி’ன்னு கூப்பிட்டிருந்தா, அது நீங்கதான்னு கடைக்கே தெரிஞ்சிருக்கும். அதான் யாரோன்னு போயிட்டேன்.”

வெள்ளைச்சாமி சட்டென்று வாசலைத் திரும்பிப் பார்த்தார். அதற்குள் பிரகதாம்பாள் வாசலுக்கு வந்துவிட்டார்.

புவனேஸ்வரி காரில் ஏறி உட்கார்ந்து, எல்லோருக்கும் கேட்கிற மாதிரி சொன்னார்.

“வாரேங்க சாமி. வெள்ளிக்கிழமை கட்டாயம் வந்துருங்க. ஒங்களுக்கு மட்டும் தனிப் பாத்திரத்துலதான் சமையல்.”