பொம்மைக்கு அழுத கண்

"கல்லு நெஞ்சுடி உனக்கு!"

பொம்மைக்கூத்துக் கொட்டகையை விட்டு வெளியே வந்ததும் ஒதாமி அம்மாள் பொரிந்து தள்ளினாள். ஒசாகாவின் பெரிய எண்ணெய் வியாபாரியின் மனைவி. அழுத அழுகையில் முகத்து வெள்ளைப் பூச்சு கோடு கோடாக வழிந்திருந்தது.

"பெத்த பிள்ளைய ஊர்ல விட்டுட்டு, பிரபு வீட்டுப் பிள்ளைக்குப் பால் குடுக்கிறா அந்தச் செவிலி. அந்தப் பொம்மையப் பாத்து கொட்டகையே அழுதுச்சு. நீ ஒரு சொட்டு விட்டியா?"

அம்மாளின் குழந்தைக்குப் பால் கொடுக்க வந்தவள் கினு. குழந்தை அவள் மார்பில் தூங்கிக்கொண்டிருந்தது.

அவள் நினைப்பெல்லாம் நாளையைப் பற்றித்தான். புத்தாண்டு முடிந்து, வேலைக்காரர்கள் வீட்டுக்குப் போய்வரும் நாள். மகன் கிராமத்தில், அக்கா வீட்டில் இருந்தான். இந்தக் கூத்தைப் பற்றி அம்மாள் காதில் போட்டதே கினுதான். எஜமானி மனசு கொஞ்சம் இளகாதா என்ற ஆசை.

இளகத்தான் செய்தது. வாசலில் அச்சுப்படக் கடையில் அந்தச் செவிலிப் பொம்மையின் படத்தைப் பார்த்ததும் அம்மாளுக்கு மறுபடியும் விம்மல்.

"ஐயோ, அந்த முகத்தப் பாரேன்! ஆமா, பின்னால எதுக்குய்யா இந்தக் கறுப்பு முக்காட்டு ஆளுங்க?"

"அவங்கதானேம்மா பொம்மைய ஆட்டுறவங்க" என்றார் கடைக்காரர்.

"ஆட்டட்டும். கண்ணுல எதுக்குப் படணும்? அவங்க இல்லாத படமாக் குடு."

வாங்கிய படத்தை நெஞ்சோடு அணைத்துக்கொண்டாள். பெற்ற பிள்ளையைக்கூட அப்படி அணைத்ததில்லை.

இதுதான் சமயம் என்று கினு வாயைத் திறந்தாள்.

"அம்மா, நாளைக்கு ஒரு நாள் போய் மகனப் பாத்துட்டு வந்துடட்டுமா? போன விடுமுறைக்கும் போகல. என் முகமே அவனுக்கு மறந்துருக்கும். தம்பியையும் தூக்கிட்டுப் போறேன், பசிக்க விடமாட்டேன்."

"என் பிள்ளைய உங்க குடிசைக்கா? நல்லாருக்கே! நாளைக்கும் இந்தக் கூத்துக்கு இடம் சொல்லி வச்சிருக்கேன்டி. அந்தத் தாயும் பிள்ளையும் பிரியற கட்டத்த இன்னொரு தடவ பாத்து ஆசை தீர அழணும். நீ இல்லாம எப்படி?"

கினு உதட்டைக் கடித்துப் பார்த்தாள். முடியவில்லை. அத்தனை நேரம் அடக்கி வைத்தது பொலபொலவென்று கொட்டியது.

அம்மாள் பதறிப்போனாள்.

"ஏய், ஏய், கண்ணத் துடை! வந்த அன்னைக்கே சொன்னேன்ல, பால் குடுக்கிறவ அழுதா பால் கெட்டுடும்னு!"