அவங்கதான்

"அந்த லாரி டிரைவரா? அவரக் காப்பாத்தினது அவங்கதான் மேடம்" என்று தரையில் போட்டிருந்த மஞ்சள் கோட்டுக்கு அந்தப் பக்கம் கை காட்டினார் போலீஸ் ஹெலிகாப்டர் பைலட்.

கணக்கெடுக்க வந்திருந்த அதிகாரி நிமிர்ந்து பார்த்தார். சற்று முன்னால் அந்தப் பக்கத்து ஆளும் இதையேதான் சொல்லியிருந்தார். "அது நாங்க இல்ல மேடம். அவங்கதான்."

ஒரே கொட்டகை. தரையில், நட்ட நடுவில் ஒரு மஞ்சள் கோடு. இந்தப் பக்கம் போலீஸ் ஹெலிகாப்டர், அந்தப் பக்கம் தீயணைப்பு ஹெலிகாப்டர். ஆபத்தில் மாட்டியவர்களை மீட்பதில் எது கெட்டி என்று ஒப்பிட்டுப் பார்த்து, ஒன்றை வைத்துக்கொண்டு மற்றதை மூட வேண்டும். மேலிடத்து உத்தரவு. மூடப்படும் பக்கத்து ஆட்கள் ஆளுக்கொரு மூலையில் நாற்காலி தேய்க்கப் போக வேண்டியதுதான். இனிப் பறப்பது என்பது கிடையாது.

அதனால் காலையிலிருந்து ஒரே தம்பட்டம்.

தங்கள் விளக்கைப் போட்டால் இருட்டில் விழுந்த ஊசியைக்கூட எடுக்கலாம் என்றார் பைலட். "அவங்க வண்டியில விளக்குன்னு பேருக்கு ஒண்ணு, மெழுகுவத்தி மாதிரி. அது ஹெலிகாப்டரே இல்ல மேடம், பறக்கிற மிக்ஸி."

தீயணைப்பில் கயிறு இறக்கி ஆளைத் தூக்குபவருக்குப் பட்டப்பெயரே 'கயிறு'. அவரும் சளைக்கவில்லை. "அவங்ககிட்ட தூக்கறதுக்குக் கயிறே கிடையாது. மேல நின்னு டாட்டா காட்டலாம், அவ்வளவுதான்."

நாங்க போனோம், நாங்க பார்த்தோம், நாங்க மீட்டோம். கேட்டுக் கேட்டு அதிகாரிக்குக் காது புளித்துப்போனது.

ஆனால் வெள்ளத்தில் உடைந்த பாலத்திலிருந்து ராத்திரியில் லாரி டிரைவரைத் தூக்கியது ஊரே பேசிய மீட்பு. அதற்கு மட்டும் சொந்தம் கொண்டாட ஆளில்லை. அதிகாரி இரண்டு பேரிடமும் கறாராகவே கேட்டிருந்தார். "பாதிப் பாதியெல்லாம் கிடையாது. யாராவது ஒருத்தர் பேருலதான் சேரும். நீங்களா, அவங்களா?"

ஒருவரை ஒருவர் கை காட்டுகிறார்கள் என்றால் என்ன அர்த்தம்? ஏதோ தப்பு நடந்திருக்கிறது, மூடி மறைக்கிறார்கள்.

வெளியே வந்து, காரில் ஏறுமுன் அந்த டிரைவருக்கே போன் போட்டார். மீட்கும்போது அடிகிடி பட்டதா என்று கேட்டார்.

"ஒரு கீறல் இல்லீங்க மேடம். கண்ணே திறக்க முடியாத வெளிச்சம். கயிறு வந்துச்சு, கெட்டியாப் பிடிச்சிக்கிட்டேன். மேல யாருன்னுகூடப் பார்க்கல."

கார்க் கதவைத் திறந்தவர் அப்படியே நின்றார்.

வெளிச்சம் ஒருத்தரிடம்தானே இருக்கிறது? கயிறு இன்னொருத்தரிடம்.

திரும்பி நடந்தார். கொட்டகை வாசலில் பேச்சுக் குரல் கேட்டது. மஞ்சள் கோட்டுக்கு இந்தப் பக்கம் பைலட், அந்தப் பக்கம் 'கயிறு', தரையில் சம்மணம் போட்டு உட்கார்ந்திருந்தார்கள். ஒரே பிளாஸ்க். கோட்டின் மேலேயே வைத்திருந்தது.

"நீ ஏன்யா எங்க பேரைச் சொன்ன?" என்றார் பைலட்.

"பின்ன? கயிறு இல்லன்னு உங்களத்தான் மூடுவாங்கன்னு நெனச்சேன். இந்த ஒண்ணாவது உங்க பேருல இருக்கட்டுமேன்னு. நீ ஏன் எங்களச் சொன்ன?"

"உங்க மிக்ஸிக்கு வயசாச்சேன்னு."

இருவருக்கும் சிரிப்பு வந்தது. பிளாஸ்க்கில் மிச்சமிருந்த டீயை, 'கயிறு' நீட்டிய கப்பில் சாய்த்தார் பைலட்.

"எப்படியோ போகட்டும் விடு. அன்னைக்கு நாம தூக்கினோம்ல. யார் எதை மூடினாலும் அது இல்லன்னு ஆயிடுமா?"

காலையிலிருந்து அந்தக் கொட்டகையில் 'நாம' என்ற சொல் அதிகாரியின் காதில் விழுந்தது அப்போதுதான்.

அவர் நிழல் தட்டியதும் இருவரும் திடுக்கிட்டு எழுந்து, அவரவர் பக்கத்துக்கு விலகிக்கொண்டார்கள். பிளாஸ்க் மட்டும் கோட்டின் மேலேயே நின்றது.

அதிகாரி அதை ஒரு நிமிடம் பார்த்தார்.

"கடைசியா ஒரே ஒரு கேள்வி. ரெண்டு பேரும் சேர்ந்தே பதில் சொல்லலாம்" என்றார். "இந்தக் கோட்டை அழிக்கணும்னா, நாம யாரக் கேக்கணும்?"