கம்பத்தின் மூக்கு

சாக்கடைக் குழியிலிருந்து மேலேறிய எத்திராஜ், பத்தடி தள்ளிப்போய் ஒரு பீடியைப் பற்றவைத்தார். அது இல்லாமல் அந்த நாற்றம் மூக்கை விட்டுப் போகாது. இரண்டாவது இழுப்பிலேயே, புகையை மோப்பம் பிடிக்கும் கருவி மாட்டிய தெருக்கம்பம் அலறியது.

"திறந்தவெளியில் புகை! பொதுமக்கள் உயிருக்கு ஆபத்து!"

புகைத்தடுப்பு அதிகாரி பைக்கில் பறந்து வந்து அவர் கையைப் பிடித்தார். "விடு சார் அவர!" என்று டீக்கடையிலிருந்து நாலைந்து பேர் சத்தம் போட்டார்கள்.

"ஒரு பீடிக்கா சார் இந்தக் கத்து கத்துது?" என்றார் எத்திராஜ்.

"எந்த விஷக்காத்தும் இதுகிட்ட தப்பாது," என்றார் அதிகாரி பெருமையாக.

எத்திராஜுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. "போன மாசம் இதே குழிக்குள்ள விஷக்காத்து அடிச்சு என் கூட்டாளி பாளையம் செத்தான். அன்னிக்கி இது ஏன் சார் வாயத் தொறக்கல?"

"தெருவுக்குக் கீழ நடக்கறது எங்க சட்டத்துல வராதுப்பா."

எத்திராஜ் பீடியை மிதித்து அணைத்தார். கம்பத்திலிருந்த கருவியைப் பிடுங்கி, குழியில் இறங்கத் தன் இடுப்பில் கட்டியிருந்த நீளக் கயிற்றை அவிழ்த்து, அதில் கட்டிக் குழிக்குள் இறக்கினார். அது அலறிய அலறலில் தெருவே கூடிவிட்டது.

"மேல எடுய்யா! அதுக்குள்ள போட்டா கெட்டுப்போயிடும்!" அதிகாரி பதறினார்.

"நான் அதுக்குள்ளேருந்துதான் சார் வரேன்."